ஜெயித்தவர்கள் எழுதிய புத்தகங்கள்

கலிஃபோர்னியாவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு நிரந்தர டூர் புரோகிராம் உண்டு. டிஸ்னிலாண்ட், யூனிவர்சல் ஸ்டூடியோ, மாலிபு பெருமாள் கோயில், கிராண்ட் கான்யன். கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, 'போற வழிதானே... லாஸ் வேகாஸும் ஒரு நைட் பாத்துரலாம்.' ஊர் திரும்பியதும் ஆல்பத்தில் கிராண்ட் கான்யன் நாற்பது படம் இருக்கும். லாஸ் வேகாஸுக்கு ஒரே ஒரு படம். தண்ணீர் ஃபவுண்டன் முன்னால், புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.

நான் மூன்று தடவை போயிருக்கிறேன். 1997, 2008, 2019. ஜெயித்தீரா, தோற்றீரா என்று கேட்பீர்கள். தடவைக்கு 40 டாலர் தனிக் கவரில் போட்டு, சினிமா டிக்கெட் மாதிரி முதலிலேயே செலவுக் கணக்கில் எழுதிவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். மூன்று தடவையும் சினிமா முடிந்தது. அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அந்த ஊரைப் பற்றிய புத்தகங்களை.

முதலில் ஊர். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சுமார் 430 கிலோமீட்டர், பெரும்பாலும் பாலைவனம். வழியில் பேக்கர் என்கிற சின்ன ஊரில் 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர் நட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து டெத் வேலியில் 1913ல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் ஞாபகார்த்தம். டிகிரிக்கு ஒரு அடி! (வேலூர்க்காரர்கள் யோசிக்கலாம்.) நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது 1931ல். நாடு முழுக்கப் பஞ்சம், பக்கத்தில் ஹூவர் அணைக்கட்டு வேலை ஆரம்பம், கையில் கூலிப் பணத்தோடு ஆயிரக்கணக்கில் தொழிலாளிகள். அப்புறம் பக்ஸி சீகல் என்ற ரவுடி 1946 டிசம்பரில் ஃப்ளமிங்கோ ஓட்டலைத் திறந்து, ஆறே மாதத்தில் சுடப்பட்டுச் செத்துப்போன கதை சினிமாவாகவே வந்துவிட்டது.

அதிகம் பேர் அறியாத ஒன்று. நாம் படத்தில் பார்க்கும் ஸ்ட்ரிப் என்கிற அந்த ஜகஜ்ஜோதியான வீதியின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. நகராட்சி தங்களை இழுத்துக்கொண்டு வரி போடக்கூடாது என்று 1950ல் ஓட்டல்காரர்கள் முயற்சியில் அதைத் தனி ஊராக்கிவிட்டார்கள். ஊருக்கு வைத்த பெயர் பாரடைஸ். சொர்க்கம்!

1997ல் போனபோது ஸ்லாட் மெஷின்களில் நிஜக் காசு விழும். பிளாஸ்டிக் டம்ளரை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காசு எண்ணி எண்ணி விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருக்கும். ஹால் முழுக்க சில்லறை மழைச் சத்தம். இப்போது காசு கிடையாது. உள்ளே நோட்டு போகிறது, வெளியே ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. காசு விழும் சத்தத்தை மட்டும் ஸ்பீக்கரில் வைத்திருக்கிறார்கள். அப்போது நான் வாய் பிளந்து பார்த்த மிராஜ் ஓட்டலின் எரிமலையும் 2024 ஜூலையில் ஓட்டலோடு சேர்த்து மூடியாகிவிட்டது. டிராபிகானாவை அதே வருஷம் அக்டோபரில் வாணவேடிக்கை விட்டு, வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஐம்பது வருஷம் ஆனால் அந்த ஊரில் புராதனச் சின்னம். உடனே இடித்துவிடவேண்டும்.

அந்த முதல் பயணத்தில் ஸ்ட்ரிப்பை விட்டுத் தள்ளி, பழைய ஊர்ப் பக்கம் ஒரு புத்தகக் கடையைக் கண்டுபிடித்தேன். சூதாட்டப் புத்தகங்கள் மட்டும் விற்கும் கடை. 1964ல் ஆரம்பித்தவர்கள் ஜான் லக்மன், எட்னா லக்மன் தம்பதி. பெயரைப் பாருங்கள், சத்தியமாக நான் வைத்ததல்ல. சீட்டு, பகடை, குதிரை, ஃபுட்பால் என்று அலமாரி அலமாரியாக. எல்லாம் 'எப்படி ஜெயிப்பது'. 'நான் எப்படித் தோற்றேன்' என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கீழ்த்தட்டு வரை குனிந்து பார்த்தேன். இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

அங்கே வாங்கியதுதான் எட்வர்ட் தோர்ப் எழுதிய 'பீட் த டீலர்'. 1962ல் வந்தது. தோர்ப் எம்.ஐ.டி.யில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ப்ளாக்ஜாக் என்கிற சீட்டாட்டத்தை அங்கிருந்த ஐபிஎம் 704 கம்ப்யூட்டரிடம் கொடுத்து அலசினார். விஷயம் எளிமையானது. ரூலெட்டில் உருளும் பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது. சீட்டுக் கட்டுக்கு உண்டு. வெளியே வந்துவிட்ட சீட்டு திரும்ப வராது. இரண்டு, மூன்று, ஐந்து என்று சின்னச் சீட்டுகள் போய்விட்டால் கட்டில் பத்தும் ஏஸும் மிச்சம். அப்போது ஆட்டம் உங்கள் பக்கம் சாய்கிறது. அப்போது நிறையக் கட்டு. மற்ற நேரம் பைசா பைசாவாகக் கட்டு. அவ்வளவுதான் சூத்திரம்.

மகாபாரதத்தில் நளன் கதை ஞாபகம் வருகிறதா? சூதில் நாட்டை இழந்து, தேரோட்டியாகிவிட்ட நளனுக்கு ருதுபர்ணன் ஒரு வித்தை கற்றுத் தருகிறான். ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் இலை இத்தனை, காய் இத்தனை என்று எண்ணிச் சொல்லும் வித்தை. அந்தக் காலத்தில் பகடையே தான்றிக் காய்தான். எண்ணத் தெரிந்ததும் கலி நளனை விட்டு இறங்கிப் போகிறான், நளன் திரும்பப் போய் ஆடி நாட்டை ஜெயிக்கிறான். தோர்ப்புக்கு நாம் கொஞ்சம் முந்தி!

தோர்ப் தன் கட்டுரையைப் பிரசுரிக்க உதவி கேட்டுப் போன ஆசாமி சாதாரணப்பட்டவரில்லை. க்ளாட் ஷானன். இன்றைக்கு உங்கள் செல்போனிலிருந்து சாட்டிலைட் வரை எல்லாத் தகவல் தொடர்புக்கும் அஸ்திவாரம் போட்டவர். படித்துப் பார்த்துவிட்டு, தலைப்பில் 'ஜெயிக்கும் வழி' என்று போடாதே, 'சாதகமான வழி' என்று போடு, கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்றாராம். விஞ்ஞானிக்கும் விளம்பரக்காரனுக்கும் வித்தியாசம் இந்த ஒரு வார்த்தைதான்.

இரண்டு பேரும் அத்தோடு நிற்கவில்லை. ரூலெட் பந்து எங்கே விழும் என்று கணிக்க, சிகரெட் பெட்டி சைஸில் ஒரு கம்ப்யூட்டர் செய்தார்கள். 1961ல்! உடம்போடு அணியும் கம்ப்யூட்டர் என்பதற்கு அதுதான் முதல் உதாரணம் என்கிறார்கள். ஷூவுக்குள் கால் கட்டைவிரலால் சுவிட்சைத் தட்டவேண்டும். பதில் மெல்லிய கம்பி வழியாகக் காதுக்கு சங்கீதமாக வரும். மனைவிமார்கள் சகிதமாக லாஸ் வேகாஸ் போனார்கள். வேலை செய்தது. ஆனால் காதுக்குப் போகும் கம்பி அறுந்து அறுந்து போனதால் பெரிய தொகை எதுவும் கட்டவில்லை. இந்த மாதிரி சாமான்களை எல்லாம் காஸினோவுக்குள் கொண்டுபோகக்கூடாது என்று நெவாடா 1985ல் சட்டம் போட்டது. மூளையால் எண்ணலாம், அது குற்றமில்லை. ஆனால் எண்ணுகிறாய் என்று தெரிந்தால் 'ஐயா, கிளம்புங்க' என்று வாசல் காட்ட அவர்களுக்கு உரிமை உண்டு.

கதையின் ருசியான கட்டம் இனிமேல்தான். புத்தகம் சக்கைப்போடு போட்டது. காஸினோக்காரர்கள் அரண்டு போய் 1964 ஏப்ரலில் ப்ளாக்ஜாக் விதிகளை மாற்றினார்கள். வாடிக்கையாளர்கள் எழுந்து போய்விட்டார்கள். சில வாரங்களிலேயே பழைய விதிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 'இந்த ஆட்டத்தை ஜெயிக்கலாமாமே' என்று கேள்விப்பட்டு, பாதிப் புத்தகம் படித்தவர்களும் அட்டையை மட்டும் பார்த்தவர்களும் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். நிஜமாக எண்ணத் தெரிந்தவன் ஒருத்தன் என்றால், தெரிந்ததாக நினைத்துக்கொண்டவர்கள் நூறு பேர். ஒருத்தனிடம் விட்டதை நூறு பேரிடம் பிடித்துவிடலாம். ப்ளாக்ஜாக் அமெரிக்காவின் ராஜ ஆட்டமாயிற்று. காஸினோவைக் கவிழ்க்க எழுதின புத்தகமே காஸினோவுக்கு நல்ல விளம்பரமாகப் போய்விட்டது! ஒரு பைசா செலவில்லாமல்.

தோர்ப் புத்திசாலி. சீட்டு மேஜையை விட்டு எழுந்து, அதே கணக்கை ஷேர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்க் கோடீஸ்வரரானார். 2017ல் எழுதிய சுயசரிதையில் இதெல்லாம் இருக்கிறது. 2002ல் எம்.ஐ.டி. மாணவர்கள் கோஷ்டியாகப் போய் வேகாஸை வழித்த கதையை பென் மெஸ்ரிச் எழுதினார். சினிமாவும் வந்தது. மசாலா தாராளம். ஆனால் படித்தால் அடுத்த பஸ்ஸில் ஏறவேண்டும்போல இருக்கும். அதுதான் பயம்.

இன்னொரு கதையை எம்.பி.ஏ. படித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஃபெட்எக்ஸ் கூரியர் கம்பெனி ஆரம்ப நாட்களில் பாங்க்கில் 5,000 டாலர்தான் மிச்சம், விமானத்துக்குப் பெட்ரோல் போடக்கூட வழியில்லை. முதலாளி ஃப்ரெட் ஸ்மித் அதை எடுத்துக்கொண்டு லாஸ் வேகாஸ் போய் ப்ளாக்ஜாக் ஆடி 27,000 டாலரோடு திங்கட்கிழமை வந்தார், கம்பெனி பிழைத்தது. கூட வேலை பார்த்த ஒருவரே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இருக்கட்டும். கம்பெனியின் கடைசிப் பணத்தோடு அந்த ஊருக்கு விமானம் ஏறின மற்ற முதலாளிகள் எத்தனை பேர்? அவர்கள் திங்கட்கிழமை எங்கே போனார்கள்? அவர்களுடைய கூட்டாளிகள் யாரும் புத்தகம் எழுதவில்லை.

தோற்றவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் உண்டு. தாஸ்தயேவ்ஸ்கி கடன்காரர்களுக்குப் பயந்து 1866ல் 'சூதாடி' நாவலை ஒரு மாதத்துக்குள் சொல்லச் சொல்ல எழுதவைத்து முடித்தார். அது ஜெர்மானிய ரூலெட். வேகாஸுக்கு மரியோ பூஸோ. 'காட்ஃபாதர்' எழுதியதே கடன் தொல்லையில்தான், அதில் சூதாட்டக் கடனும் சேர்த்தி. 1977ல் லாஸ் வேகாஸைப் பற்றியே படங்களோடு ஒரு புத்தகம் போட்டார். தோற்றதைப் பற்றிச் சந்தோஷமாக எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றுகிறது. மற்றபடி ஆர்ச்சி காரஸ் மாதிரி ஆட்கள். 1992 டிசம்பரில் கையில் 50 டாலரோடு அந்த ஊருக்கு வந்தார். பில்லியர்ட்ஸ், போக்கர், பகடை என்று ஆடி 4 கோடி டாலர் வரை சேர்த்ததாகக் கதை. 1995க்குள் அத்தனையும் போயிற்று. 2024 செப்டம்பரில் காலமானார். அந்த 50 டாலரைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்.

கொஞ்சம் கணக்கு. சின்னதுதான். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழி. 1 முதல் 36 வரை, அப்புறம் ஒரு பூஜ்யம், ஒரு இரட்டைப் பூஜ்யம். குழிக்கு ஒரு டாலராக 38ன் மேலும் கட்டுங்கள். எதில் விழுந்தாலும் நீங்கள்தான் ஜெயித்தவர். கட்டினது 38. திரும்பக் கிடைப்பது 36. ஜெயித்துக்கொண்டே இரண்டு டாலர் நஷ்டம். நூற்றுக்கு 5.26. சில வருஷங்களாக ஸ்ட்ரிப்பில் பல ஓட்டல்களில் மூன்று பூஜ்யம் போட்ட சக்கரம் வந்திருக்கிறது. 39 கட்டினால் 36. நூற்றுக்கு 7.69 ஆகிவிட்டது. யாரும் சண்டை போடவில்லை. ப்ளாக்ஜாக்கிலும் அப்படித்தான். ஏஸும் பத்தும் சேர்ந்து வந்தால் 10 டாலருக்கு 15 தருவார்கள். இப்போது பல மேஜைகளில் 12தான். மேஜைத் துணியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சுமார் 21 ஆட்டத்துக்கு ஒரு தடவை அந்த ஜோடி வரும், ஒவ்வொரு தடவையும் 3 டாலர் மொய். 1964ல் விதியை மாற்றியபோது எழுந்து போன ஜனங்கள் இப்போது எழுந்து போவதில்லை. அது ஏன் என்பதற்குத்தான் நான் படித்ததிலேயே நல்ல வேகாஸ் புத்தகம் இருக்கிறது. அதில் ஜெயித்தவர்கள் யாருமே இல்லை.

'அடிக்‌ஷன் பை டிஸைன்'. நடாஷா டௌ ஷுல் என்கிற மானிடவியல்காரர் எழுதியது, 2012. (வெளிவந்தபோது அவரும் எம்.ஐ.டி.யில்தான் இருந்தார். என்ன ராசியோ!) டூரிஸ்டுகளை விட்டுவிட்டு, அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஜனங்களிடம் வருஷக்கணக்கில் பேசியிருக்கிறார். அங்கே சூப்பர் மார்க்கெட்டிலும் ஏர்போர்ட்டிலும்கூட ஸ்லாட் மெஷின் உண்டு. காஸினோக்களுக்கு முக்கிய வருமானம் சீட்டு மேஜையில் இல்லை, இந்த மெஷின்களில்தான்.

மெஷினின் சூட்சுமம் 1984ல் கொடுத்த ஒரு பேடன்ட். டெல்னஸ் என்பவருடையது. கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் 22 இடம் என்றால் உள்ளே கம்ப்யூட்டருக்கு 64 இடம் வைத்துக்கொள்ளலாம். ஜாக்பாட் படத்துக்கு அதில் ஒரே ஒரு எண். அந்தப் படத்துக்கு மேலும் கீழும் இருக்கிற காலி இடத்துக்கு ஐந்தாறு எண். ஆகவே ஜாக்பாட் எப்போதும் ஒரு அங்குலத்தில் தவறிப் போகும். 'அடடா, மயிரிழை!' மயிரிழையே இல்லை, அந்த மயிரையே அவர்கள்தான் நட்டு வைத்திருக்கிறார்கள். அப்புறம் இன்னொரு தந்திரம். 40 சென்ட் போட்டு அழுத்துவீர்கள். 15 சென்ட் திரும்ப வரும். 25 சென்ட் நஷ்டம். ஆனால் விளக்கு எரியும், மணி அடிக்கும், நாகஸ்வரம் ஒன்றுதான் பாக்கி.

புத்தகத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது இதெல்லாம் இல்லை. வருஷக்கணக்காக ஆடுகிறவர்கள் ஷுல்லிடம் சொல்வது இது. ஜெயிப்பதற்காக ஆடவில்லை. ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறோம். மெஷினும் ஆளும் மட்டும் இருக்கிற ஒரு இடம், அங்கே வேறு எதுவும் இல்லை, யாரும் இல்லை. பெரிய தொகை ஜெயித்துவிட்டால்கூடச் சிலருக்கு எரிச்சல்தான், ஆட்டம் தடைப்படுகிறதே! திருக்குறளில் 94ஆவது அதிகாரம் சூது. வெற்றியை, மீன் விழுங்குகிற தூண்டில் முள்ளோடு ஒப்பிடுகிறார் வள்ளுவர். முள்ளில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் கவ்விக்கொண்டிருக்கும் மீனைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவர் காலத்தில் இந்த மெஷின் இல்லை.

நம் ஊரில் 2003ல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தோம். மெஷின் செல்போனுக்குள் வந்துவிட்டது. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்திகள் வந்த பிறகு 2022ல் தமிழ்நாட்டில் சட்ட மசோதா, 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல், 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் தடைச் சட்டம்.

ஷுல் புத்தகத்தை 2019 பயணத்தில் விமானத்தில் படித்து முடித்திருந்தேன். அந்தத் தடவை இர்வைனில் இருக்கும் என் அத்தை மகனோடு போனேன். அத்தையும் கூட வந்தார். விருதுநகர்க்காரர், 71 வயது, ஏகாதசி தவறாமல் விரதம். சீட்டுக்கட்டை வீட்டுக்குள் விடமாட்டார். மாமா தவறிப்போன பிறகு, தனியாக இருக்கவேண்டாம் என்று மகன் அழைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

ஃபவுண்டன் பார்த்தாயிற்று. படமும் எடுத்தாயிற்று. 'கொஞ்ச நேரம் உக்காந்திருங்கம்மா, நாங்க பார்க்கிங் பாத்துட்டு வந்துர்றோம்' என்று ஒரு சென்ட் மெஷின் முன்னால் உட்காரவைத்து, விளையாட்டுக்கு 20 டாலரைப் போட்டுவிட்டு அவன் வந்தான். யானைப் படம் போட்ட மெஷின். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தான் என்று நினைக்கிறேன், பிள்ளையார் மாதிரி.

சாப்பாட்டு நேரத்தில் போய்க் கூப்பிட்டோம். 'நீங்க சாப்பிட்டு வாங்கய்யா.' அப்புறம் இன்னொரு 20. இன்னொரு 20. மெதுவாகத்தான் அழுத்துகிறார், ஜபமாலை உருட்டுகிற வேகத்தில். ஐந்து மணி நேரத்தில் 60 டாலர். பணம் ஒன்றும் பெரிசில்லை, சினிமாவுக்குப் போனாலே அங்கே அவ்வளவு ஆகும். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"அத்தை, கால் மரத்துப் போயிருக்குமே. எந்திரிங்க, கொஞ்சம் நடப்போம்."

"இருப்பா."

"ஜெயிக்கணும்னு ஆசையா இருக்கா?"

"ஜெயிச்சு என்ன செய்யப் போறேன்?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "இதுல உக்காந்தா மாமா நெனப்பு வரலப்பா. அம்புட்டுத்தான்."

திரும்பி வரும்போது பின் சீட்டில் தூங்கிவிட்டார். நான் அவனிடம் அந்தப் புத்தகத்தைப் படித்துப் பார் என்றேன். "படிக்க எங்க மச்சான் நேரம்? அவளும் நானும் வீட்டுக்கு வரவே எட்டு மணியாயிருது. அம்மாதான் பாவம், காலைல ஏழு மணியிலேர்ந்து அந்த டிவிகூட."

நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அத்தை அறைக்கு வந்தார். முறுக்குப் பொட்டலத்தை வைத்தார். போகாமல் நின்றார்.

"ஏம்ப்பா, அந்த ஊருக்கு இங்கேருந்து பஸ்ஸு கிஸ்ஸு போகுமா? கார்ல போறதுக்கு அவனுக்கு எங்க நேரம்..."